தலைமைப் பொறுப்பு தேடி வரும்போது யாரிடம் போவது? குருவானவர், கோச், தியான இல்லம், நான்கு நண்பர்கள்

திருச்சபை நடத்தும் அரசு உதவிபெறும் மேல்நிலைப் பள்ளியில் இருபது ஆண்டுகளாகக் கணக்குப் பாடம் நடத்தும் ஆசிரியை ஒருவரை மனத்தில் வைத்துக்கொள்வோம். ஏப்ரல் கடைசியில் தாளாளர் அவரை அழைத்து, “ஜூனிலிருந்து தலைமையாசிரியர் நாற்காலியில் நீங்கள் உட்கார வேண்டும். ஜெபித்துவிட்டுச் சொல்லுங்கள்” என்கிறார். ஜெபிக்க அவருக்குத் தெரியும். ஜெபித்த பிறகும் மூன்று கேள்விகள் மீதம் இருக்கின்றன. இந்தப் பொறுப்பை ஏற்கலாமா? ஏற்றால், நேற்றுவரை பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்த சக ஆசிரியர்களை எப்படி நடத்துவது? பிளஸ் டூ போகும் மகள், சுருங்கிக்கொண்டே வரும் ஜெபநேரம், சட்டென்று வெடிக்கும் கோபம் என்று தன் சொந்த வாழ்க்கையில் ஏற்கெனவே கிடக்கும் கணக்குகளை என்ன செய்வது?

கேட்பதற்கு ஆள் இல்லாத காலம் போய்விட்டது. சபையில் குருவானவர் இருக்கிறார். கைபேசியைத் திறந்தால் ‘கிறிஸ்தவ லைஃப் கோச்’ விளம்பரங்கள் வரிசையாக வருகின்றன. கத்தோலிக்கத் தோழி தியான இல்லத்துக்கு வா என்கிறார். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் நெருங்கிய நான்கைந்து பேர் இருக்கிறார்கள். இவற்றில் எது சிறந்தது என்று மொத்தமாகக் கேட்டால் உருப்படியான பதில் கிடைக்காது. ஏற்கலாமா என்பது தேர்வு பற்றிய கேள்வி. எப்படி நடத்துவது என்பது தொழில் பற்றியது. கோபமும் ஜெபநேரமும் பழக்கம் பற்றியவை. மூன்றையும் ஒரே ஆளிடம் கொண்டுபோய்க் கொட்டுவதால்தான் பலர் கலங்கித் திரும்புகிறார்கள்.

ஒப்பிடுவதற்கு நான் கையில் எடுக்கும் அளவுகோலையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அமர்வில் எத்தனை வசனம் சொல்லப்படுகிறது, எத்தனை நிமிடம் ஜெபம் நடக்கிறது என்பதைப் பார்த்து ‘விசுவாச அடிப்படையிலான வழிகாட்டுதல்’ என்று முடிவுகட்டுகிறவர்கள் உண்டு. நான் அதைப் பார்ப்பதில்லை. உங்கள் பதிலால் எதிரில் இருப்பவருக்கு ஏதாவது ஆதாயமோ நஷ்டமோ உண்டா, நீங்கள் ‘இல்லை’ என்று சொன்னால் அவர் முகம் மாறுமா என்பதைத்தான் பார்க்கிறேன்.

குருவானவர்

முதலில் நினைவுக்கு வருகிறவர் இவர்தான். பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர், மாமனாரின் அடக்க ஆராதனையை நடத்தியவர், வீட்டின் நல்லது கெட்டது எல்லாம் தெரிந்தவர். கட்டணம் என்ற பேச்சே இல்லை. ஆனால் திருச்சபைப் பள்ளிகளில் பல இடங்களில் குருவானவரே தாளாளர். இல்லாவிட்டால் நிர்வாகக் குழுவில் ஒருவர். காலியிடத்தை நிரப்புவது அவருடைய தலைவலி. திருமண்டலத் தேர்தலில் யார் எந்த அணி என்ற கணக்கு நியமனங்களின் ஓரத்தில் நிற்பதும் நமக்குத் தெரியாத விஷயம் அல்ல. ‘ஏற்கலாமா?’ என்ற கேள்வியில் அவரே ஒரு தரப்பு. அவர் எவ்வளவு நல்லவர் என்பது இங்கே பேச்சே அல்ல.

இந்தச் சிக்கலைத் திருச்சபை தன் சொந்த வீட்டுக்குள் எப்போதோ கண்டுகொண்டது. கத்தோலிக்கத் திருச்சபையின் 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் 985-ஆவது விதியைப் பாருங்கள். நவசந்நியாசப் பயிற்சியின் தலைவர், அவருடைய துணைவர், குருமடத்தின் அல்லது கல்வி நிலையத்தின் அதிபர் ஆகியோர், தங்களோடு அதே இல்லத்தில் தங்கும் மாணவர்களின் பாவசங்கீர்த்தனத்தை, அதாவது பாவ அறிக்கையை, கேட்கக் கூடாது. மாணவரே தாமாக முன்வந்து கேட்டால் மட்டும் விலக்கு. ஒருவரை உயர்த்தவோ வெளியேற்றவோ அதிகாரம் உள்ள கை, அவருடைய உள்மனத்தைத் திறக்கும் கையாகவும் இருக்கக் கூடாது என்பது இதன் பொருள். அதிபரின் குணத்தில் சந்தேகப்பட்டு எழுதிய விதி அல்ல இது. மனம் திறந்தவனின் வார்த்தை, அதைக் கேட்டவர் மறக்க முயன்றாலும், அடுத்த நியமன முடிவின்போது எழுந்து வந்து நிற்கும் என்ற அனுபவ ஞானம். ‘பெற்றோர் சத்தம் போட்டால் எனக்குக் கை நடுங்கும்’ என்று நம் ஆசிரியை தாளாளரிடம் சொன்னால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்த்தால் போதும்.

ஆகவே குருவானவரிடம் போக வேண்டாம் என்கிறேனா? போகலாம், போகவும் வேண்டும். ஆலோசனைக்காக அல்ல, தகவலுக்காகவும் ஜெபத்துக்காகவும். பள்ளியில் எத்தனை பணியிடம் காலி, நீதிமன்றத்தில் எத்தனை வழக்கு, முந்தைய தலைமையாசிரியர் ஏன் பாதியில் விலகினார், கட்டடப் பணிக்கு வாங்கிய கடன் யார் தலையில் என்பதையெல்லாம் அவரைவிட நன்றாகச் சொல்ல ஆள் இல்லை.

இங்கேயே இன்னொரு எச்சரிக்கை. “கர்த்தர் உங்களைப் பற்றி எனக்கு உணர்த்தினார்” என்று தொடங்குகிற எவரிடமும், அவர் பிரசங்கியாக இருந்தாலும் கட்டணம் வாங்கும் கோச்சாக இருந்தாலும், இந்த மாதிரி முடிவைக் கொண்டு போகாதீர்கள். கர்த்தர் உணர்த்த மாட்டார் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு நீங்கள் மறுத்துப் பேச இடமே இருக்காது. மறுத்தால் கடவுளை மறுத்ததாகிவிடும். மறுக்க இடமில்லாத உரையாடலில் தெளிவு பிறக்காது. புத்தாண்டு இரவில் எடுத்த வாக்குத்தத்த வசனத்தைக் காட்டி ‘இதோ பதில் வந்துவிட்டது’ என்று முடித்துவைப்பதும் இதே வகைதான்.

கட்டணம் வாங்கும் கோச்

கோச் என்று பலகை மாட்டிக்கொள்ள நம் நாட்டில் உரிமம் எதுவும் தேவையில்லை. அதனால்தான் சான்றிதழைப் பற்றிக் கேட்க வேண்டியிருக்கிறது. இத்துறையில் உலக அளவில் அதிகம் அறியப்பட்ட அமைப்பு 1995-இல் அமெரிக்காவில் தொடங்கிய இன்டர்நேஷனல் கோச்சிங் ஃபெடரேஷன். அதன் சான்றிதழ் மூன்று படிகளில் வருகிறது. முதல் படியான ஏ.சி.சி.க்கு 60 மணி நேரப் படிப்பும் 100 மணி நேரக் கோச்சிங் அனுபவமும் வேண்டும். அடுத்த பி.சி.சி.க்கு 125 மணி நேரப் படிப்பு, 500 மணி நேர அனுபவம். எம்.சி.சி.க்கு 200, 2,500. இந்த எண்களை எதற்குச் சொல்கிறேன் என்றால், ஒருவர் எவ்வளவு நேரம் இந்த வேலையைச் செய்திருக்கிறார் என்பதை இவை காட்டும். அவருடைய விசுவாசத்தையோ வேத அறிவையோ இவை காட்டா. வார இறுதியில் இணையவழியாக ஒரு வகுப்பு முடித்துவிட்டு ‘சான்றளிக்கப்பட்ட கிறிஸ்தவக் கோச்’ என்று அட்டை அடிப்பவருக்கும் எம்.சி.சி. வாங்கியவருக்கும் நடுவில் உள்ள தூரம் மிகப் பெரிது.

நல்ல கோச் என்ன செய்வார்? பெரும்பாலும் கேள்வி கேட்பார். பிரிட்டனில் ஜான் விட்மோர் 1990-களில் பரப்பிய நான்கு படி முறை இன்றுவரை பரவலாகப் புழங்குகிறது: உன் இலக்கு என்ன, இப்போது நிலைமை என்ன, என்னென்ன வழிகள் இருக்கின்றன, எதை எப்போது செய்யப்போகிறாய். அடுத்த அமர்வில், செய்தாயா என்று கேட்பார். எளிமையாகத் தெரிகிறது, ஆனால் ‘செய்தாயா?’ என்று தவறாமல் கேட்க ஒருவர் இருக்கிறார் என்பதற்கே பாதிப் பலன் உண்டு. ஆசிரியர் கூட்டத்தை நாற்பது நிமிடத்தில் முடிப்பது, மூத்த ஆசிரியர் ஒருவரிடம் கடினமான விஷயத்தை நேரில் பேசுவது, மாலை ஆறு மணிக்குப் பிறகு பள்ளி வாட்ஸ்ஆப் குழுவைத் திறக்காமல் இருப்பது போன்ற, அளந்து பார்க்கக்கூடிய தனிப்பட்ட இலக்குகளுக்கு இதைவிட நேர்த்தியான கருவி இல்லை.

குறை எங்கே என்றால், முதல் படியிலேயே இருக்கிறது. இலக்கு ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது, அதை அடைவதற்குத்தான் உதவி வேண்டும் என்று இந்த முறை எடுத்துக்கொள்கிறது. இலக்கே சரிதானா, அது யாருடைய ஆசை, பதவியா பணியா என்று தோண்டுவதற்கு வாரம் ஒரு மணி நேர அமர்வில் இடம் குறைவு. அதோடு, கோச்சிங்கின் அடிப்படை நம்பிக்கை, விடை உங்களுக்குள்ளேயே இருக்கிறது என்பது. விசுவாசிக்கு இதில் பாதிதான் ஒப்புதல் இருக்கும். சில விடைகள் தன்னைத் தாண்டி, வேதத்திலிருந்தும் சபையிலிருந்தும் வரும் என்று நினைப்பவரல்லவா அவர்?

கிறிஸ்தவக் கோச் இந்த இடைவெளியை நிரப்புவாரா? ஆளைப் பொறுத்தது. முன்னும் பின்னும் ஒரு ஜெபம் வைத்து, நடுவில் வழக்கமான கார்ப்பரேட் கோச்சிங்கையே நடத்துபவர்கள் ஒரு வகை. இதில் தவறில்லை, கிடைப்பது என்ன என்று தெரிந்து பணம் கட்டுங்கள். அமர்வைப் பிரசங்கமாக மாற்றுபவர்கள் இன்னொரு வகை. பிரசங்கம் ஞாயிற்றுக்கிழமை இலவசமாகவே கிடைக்கிறது. உங்கள் விசுவாசத்தையே கேள்விக்கான ஊற்றாக எடுத்துக்கொள்பவர்கள் மூன்றாவது வகை. “மன்னிப்பைப் பற்றி ஞாயிறு பள்ளியில் போதிக்கிறீர்கள். பணியாளர் தாமதமாக வரும்போது அது எங்கே போகிறது?” என்று கேட்கத் தெரிந்தவர்கள். அபூர்வம், ஆனால் இருக்கிறார்கள். முதல் பேச்சிலேயே கண்டுபிடித்துவிடலாம்: அரை மணி நேரத்தில் யார் அதிகம் பேசினார் என்று பார்த்தால் தெரியும்.

பள்ளி நிர்வாகமே பணம் கட்டிக் கோச்சை ஏற்பாடு செய்தால் ஒன்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அமர்வில் பேசியதில் எது நிர்வாகத்துக்குப் போகும், எது போகாது? பணம் கொடுப்பவரும் பயன்பெறுபவரும் வேறு வேறாக இருக்கும்போது இதை முன்கூட்டியே தெளிவுபடுத்த வேண்டும் என்பது அந்த ஃபெடரேஷனின் நெறிமுறையிலேயே உள்ளது. கேட்டால் தயங்கும் கோச் வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து வரும் ஆறு மாத ‘கிங்டம் லீடர்ஷிப்’ பொதிகளைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்து, பின்னர் 1912-இல் இந்தியாவின் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயரான வே. சா. அசரியா, 1910-இல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் மேல்நாட்டு மிஷனரிகளைப் பார்த்துக் கேட்டது நண்பர்களைத்தான். தியாகம் செய்தீர்கள், நன்றி, ஆனால் எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார். மேலிருந்து கீழே வழங்கப்படும் வழிகாட்டுதல் எவ்வளவு அன்போடு வந்தாலும் எங்கே பிசகும் என்பதை அவரைவிடக் கூர்மையாக யாரும் சொல்லிவிடவில்லை. உதவிபெறும் பள்ளி என்றால் என்ன என்றே தெரியாத ஒருவர், பதிவுசெய்யப்பட்ட காணொளியில் அதன் தலைமையாசிரியருக்கு வழிகாட்டுவது எனக்கு வேடிக்கையாகத்தான் இருக்கிறது. பெரிய ஓட்டல் அரங்குகளில் ஒருநாள் நடக்கும் உற்சாகக் கருத்தரங்குகளும் இதே கணக்கில் சேர்த்தி. திங்கட்கிழமை காலை பிரார்த்தனைக் கூட்டம் முடிவதற்குள் அந்தச் சூடு ஆறிவிடும்.

தியான இல்லம்

புராட்டஸ்டண்ட் வாசகர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விட வேண்டாம். ‘ஏற்கலாமா?’ என்ற முதல் கேள்விக்கு, கிறிஸ்தவ மரபில் நான் அறிந்தவற்றிலேயே நுட்பமான கருவி இங்கேதான் இருக்கிறது.

இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் துறவியாகப் பிறந்தவர் அல்லர், படைவீரர். 1521-இல் பம்ப்லோனா கோட்டையைக் காத்த சண்டையில் பீரங்கிக் குண்டு அவர் காலை உடைத்தது. மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தபோது தம் பகற்கனவுகளைக் கவனித்தார். வீரதீரக் கனவுகள் அப்போதைக்கு இனித்து, பிறகு மனத்தை வறண்டுபோக விட்டன. புனிதர்களைப் போல வாழும் கனவுகளோ முடிந்த பின்பும் மகிழ்ச்சியை விட்டுச்சென்றன. அந்தக் கவனிப்பிலிருந்து, குருப்பட்டம் பெறுவதற்கு வெகு முன்பே, மன்ரேசாவில் 1522-இல் குறிப்புகள் எழுதத் தொடங்கினார். அவைதாம் வளர்ந்து ஆன்மிகப் பயிற்சிகள் ஆயின. திருத்தந்தை மூன்றாம் பவுல் 1548-இல் ஒப்புதல் அளித்தார். 1542-இல் இந்தியா வந்து முத்துக்குளித்துறையில் பணியாற்றிய சவேரியார், பாரிஸில் இஞ்ஞாசியாரின் அறைத்தோழர். அவரிடமே இப்பயிற்சியைச் செய்தவர். ஆக, நம் கடற்கரைக்கு இது நானூற்றெண்பது ஆண்டுப் பழக்கம்.

முழுப் பயிற்சி முப்பது நாள் மௌனம். வேலையில் இருப்பவர் எங்கே போவது? அதையும் இஞ்ஞாசியாரே யோசித்திருக்கிறார். பொதுக் காரியங்களில் மூழ்கியிருப்பவர்கள் வீட்டிலிருந்தபடியே நாளுக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கிச் செய்யலாம் என்று பத்தொன்பதாம் முன்குறிப்பு அனுமதிக்கிறது. இப்போது இயேசு சபையினரும், பயிற்சி பெற்ற அருட்சகோதரிகளும் பொதுநிலையினரும், இதை மாதக்கணக்கில் நீட்டி, இடையிடையே ஓர் ஆன்ம வழிகாட்டியைச் சந்திக்கும் வகையில் நடத்துகிறார்கள். வாரக் கடைசியில் இரண்டு மூன்று நாள் சுருக்கத் தியானமும் உண்டு.

கோச்சிங்கிலிருந்து இது எங்கே பிரிகிறது என்றால், இலக்கை அடைவது பற்றிப் பேசுவதற்கு முன், அந்த இலக்கின்மீது உங்களுக்கு உள்ள பிடியைத் தளர்த்தச் சொல்கிறது. நாற்காலி கிடைத்தாலும் சரி, கிடைக்காவிட்டாலும் சரி என்ற இடத்துக்கு மனம் வந்த பிறகே தேர்வு. அதற்கு முன் எடுத்தால் ஆசை பேசும், அல்லது பயம் பேசும். தேர்ந்து தெளிதலின் ஒரு வழியாக அவர் சொல்லும் கணக்கைப் பாருங்கள்: ஒரு பதவியை ஏற்பதால் வரும் நன்மைகள், தீங்குகள், ஏற்காவிட்டால் வரும் நன்மைகள், தீங்குகள். நான்கு பத்திகள். அவர் எடுத்துக்கொண்ட உதாரணமே பதவிதான்! எழுதி முடித்ததும் எந்தப் பத்தி நீளம் என்று எண்ணச் சொல்லவில்லை, எந்தப் பக்கம் அறிவு சாய்கிறது என்று நிதானிக்கச் சொல்கிறார். முன்பின் தெரியாத ஒருவர் இதே சிக்கலோடு உங்களிடம் வந்தால் என்ன சொல்வீர்கள், மரணப் படுக்கையில் இருந்து திரும்பிப் பார்த்தால் எதைத் தேர்ந்திருக்க விரும்புவீர்கள் என்றும் கேட்கிறார். ஞானஸ்நானம் வாங்காதவர்கூட இந்த மூன்றையும் ஒரு மாலையில் செய்து பார்க்கலாம்.

மனம் வறண்டு, இருண்டு, ஜெபம் ஏறாமல் இருக்கும் நேரத்தில் முன்பு எடுத்த தீர்மானத்தை மாற்றாதே என்பது இன்னொரு விதி. நிர்வாகத்தில் இருப்பவர்கள் இதை மேசைக் கண்ணாடிக்கு அடியில் எழுதி வைக்கலாம். ராஜினாமாக் கடிதங்களில் பாதி, ஆண்டாய்வு முடிந்த மாலையில் எழுதப்படுகின்றன என்று எனக்கொரு சந்தேகம் உண்டு.

வழிகாட்டிக்கு அவர் விதித்த கட்டுப்பாடுதான் என் அளவுகோலுக்கே மூலம். பயிற்சி செய்பவரை ஏழ்மை, துறவு போன்ற உயர்ந்த வாழ்க்கையின் பக்கம்கூட வழிகாட்டி தள்ளக் கூடாது. படைத்தவரும் படைக்கப்பட்டவரும் நேரடியாகப் பேசிக்கொள்ள விட்டு, தராசின் முள்ளைப் போல நடுவில் நிற்க வேண்டும் என்கிறது பதினைந்தாம் முன்குறிப்பு. துறவறச் சபையை நிறுவிய ஒருவர், ‘ஆளை என் சபைப் பக்கம் இழுக்காதே’ என்று எழுதி வைத்திருக்கிறார். விளம்பரக் கோச்சுகளில் எத்தனை பேர் இந்தத் தேர்வில் தேறுவார்கள்?

பழக்கங்களுக்கும் இங்கே ஒரு வழி இருக்கிறது. ஒரு குறையை மட்டும் எடுத்துக்கொண்டு, வாரத்தின் ஏழு நாளுக்கும் கோடுகள் இழுத்து, அதில் விழுந்த ஒவ்வொரு தடவைக்கும் ஒரு புள்ளி வைக்கச் சொல்கிறார். இன்றைய பழக்கப் பதிவுச் செயலிகளின் வேலையை ஒரு தாளும் பேனாவும் செய்துவிடும். வெடிக்கும் கோபத்துக்கு இதைவிட மலிவான மருந்து எனக்குத் தெரியவில்லை.

குறைகளும் உண்டு. நல்ல ஆன்ம வழிகாட்டி எளிதில் கிடைக்க மாட்டார். மரியாவை நோக்கிய உரையாடல் ஜெபங்கள் சி.எஸ்.ஐ.யிலும் பெந்தெகொஸ்தே சபையிலும் வளர்ந்தவருக்கு நெருடலாம். சொன்னால் மாற்றிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஏப்ரலில் தொடங்கி ஜூனுக்குள் முழுப் பயிற்சியும் முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, தெளிந்த மனத்தோடு திரும்பி வருபவருக்கு ஆசிரியர் கூட்டத்தை நடத்தத் தெரிந்திருக்கும் என்று உத்தரவாதம் இல்லை.

நான்கைந்து பேர்

குழுக்களில் இரண்டு வகை. இரண்டுக்கும் வேர் இங்கிலாந்தில்.

மெதடிஸ்ட் இயக்கத்தின் ஜான் வெஸ்லி 1742-இல் பிரிஸ்டலில் ஆராதனைக் கூடத்தின் கடனை அடைக்க வழி தேடியபோது, வாரம் ஒரு பென்னி வசூலிக்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். பன்னிரண்டு பேருக்கு ஒரு தலைவர். வீடு வீடாகப் போய் வாங்குவார், இல்லாதவர்களுக்குத் தாமே போடுவார். பென்னி வாங்கப் போனவர்களுக்கு அந்த வீடுகளில் குடியும் சண்டையும் கண்ணில் பட்டன. வசூல் அப்படியே ஆன்ம விசாரிப்பாக மாறி, வாராந்திர வகுப்புக் கூட்டமாயிற்று. பிரிட்டிஷ் மிஷன் வழிவந்த தென்னிந்திய மெதடிஸ்டுகள் 1947-இல் சி.எஸ்.ஐ. உருவானபோது அதில் இணைந்தார்கள், அந்த வகையில் இது நம் சொத்தும்கூட. பழக்கங்களை மாற்ற, ஆண்டுக்கணக்கில் ஒருவரை ஒருவர் தாங்க, இது நல்லது. ‘ஏற்கலாமா?’ என்ற கேள்விக்கு ஆபத்தானது. ஒரே சபை, ஒரே வயது, ஒரே பேச்சு. தன்னோடு வளர்ந்த வாலிபர்களின் பேச்சைக் கேட்டு, முதியோர் சொன்னதைத் தள்ளி, ராஜ்யத்தைப் பிளந்துகொண்ட ரெகொபெயாமின் கதை வேதத்தில் இருக்கத்தான் செய்கிறது.

குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் தெளிவுக் குழு வேறு மாதிரி. பதினேழாம் நூற்றாண்டில் திருமணம் செய்ய விரும்பும் ஜோடிகளுக்காகத் தொடங்கிய வழக்கம், பிற்காலத்தில் எல்லா வகை முடிவுக்கும் விரிந்தது. முடிவெடுக்க வேண்டியவர் தம் சிக்கலை முன்னதாகவே எழுதி, தாமே தேர்ந்த ஐந்தாறு பேருக்குக் கொடுக்கிறார். இரண்டு மூன்று மணி நேரம் உட்காருகிறார்கள். விதி ஒன்றுதான்: கேள்வி மட்டும் கேட்கலாம். ஆலோசனை கூடாது, தன் கதையைச் சொல்லக் கூடாது, ‘நீ ஒரு மருத்துவரைப் பார்க்கலாமே?’ என்பது போன்ற வேடமிட்ட ஆலோசனையும் கூடாது. பேசியது வெளியே போகக் கூடாது. பிறகு அவரிடமேகூட, அவராக எடுக்காமல், அதைப் பற்றிப் பேசக் கூடாது.

அமெரிக்கக் கல்வியாளர் பார்க்கர் பாமர் ஒரு சிறிய கல்வி நிறுவனத்தின் தலைவர் பதவி தேடி வந்தபோது இப்படி ஒரு குழுவைக் கூட்டினார். அந்தப் பதவியில் உனக்கு எது மிகவும் பிடிக்கும் என்று ஒருவர் கேட்டார். பாமர் பிடிக்காதவற்றையே அடுக்கிக்கொண்டு போனார். கேட்டவர் விடவில்லை. கடைசியில், பத்திரிகையில் ‘தலைவர்’ என்று போட்டு என் படம் வருவது பிடிக்கும் என்று முனகினார். நீண்ட மௌனம். பிறகு அதே ஆள், “பத்திரிகையில் படம் வருவதற்கு இதைவிடச் சுலபமான வழி ஏதாவது உண்டா, பார்க்கர்?” என்று கேட்டார். பாமர் பதவியை மறுத்துவிட்டார். ஐந்தாறு நண்பர்கள், ஓர் அமர்வு, செலவு எதுவும் இல்லை.

நம் ஊரில் இது நடக்குமா? உறவுக்காரர் ஐந்து பேரை மூன்று மணி நேரம் உட்கார வைத்து, ஆலோசனை சொல்லாதீர்கள் என்றால் பாதிப் பேருக்கு மூச்சு முட்டும். அதனால் ஆளைத் தேர்வதில் கவனம் வேண்டும். உறவு வேண்டாம், அதே பள்ளி வேண்டாம், அதே சபையில் ஒருவருக்கு மேல் வேண்டாம். பழைய கல்லூரித் தோழி, ஓய்வுபெற்ற செவிலியர், இந்துவோ இஸ்லாமியரோ ஆன பக்கத்து வீட்டுக்காரர் என்று கலந்து அழைக்கலாம். விதியைக் காக்கக் கண்டிப்பான ஒருவர் நடுவில் இருக்க வேண்டும். ‘என் அனுபவத்தில்’ என்று யாராவது தொடங்கியதும் கையை உயர்த்துவது அவர் வேலை.

மோசேயின் மாமனார்

கோச்சிங் வகுப்புகளில் யாத்திராகமம் பதினெட்டாம் அதிகாரத்தைக் காட்டாதவர்கள் குறைவு. பெரும்பாலும் வேலையைப் பகிர்ந்து கொடு என்ற ஒரு பாடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு மோசேயின் மாமனார் எத்திரோ நடந்துகொண்ட விதம்தான் முக்கியமாகப் படுகிறது. வந்து இறங்கியதும் புத்தி சொல்லவில்லை. ஒரு நாள் முழுவதும் பார்க்கிறார். காலை முதல் மாலைவரை நீ மட்டும் உட்கார்ந்திருப்பதும் ஜனங்கள் நிற்பதும் ஏன் என்று கேட்கிறார். பதிலைக் கேட்ட பிறகே, “நீர் செய்கிற காரியம் நல்லதல்ல” என்று முகத்துக்கு நேரே சொல்கிறார். ஆயிரம் பேருக்கும் நூறு பேருக்கும் ஐம்பது பேருக்கும் பத்துப் பேருக்கும் தலைவர்களை வை என்று அமைப்பை விளக்குகிறார். தேவன் உமக்குக் கட்டளையிட்டால் செய்யும் என்ற நிபந்தனையையும் சேர்க்கிறார். பிறகு தம் ஊருக்குப் போய்விடுகிறார். அவர் மீதியானின் ஆசாரியர், வேற்று மக்களைச் சேர்ந்தவர். மோசேயின் பாளயத்தில் அவருக்கு எந்தப் பதவியும் தேவைப்படவில்லை.

‘எப்படி நடத்துவது?’ என்ற இரண்டாம் கேள்விக்கு இப்படி ஓர் எத்திரோதான் வேண்டும். வேறு நிர்வாகத்தின் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். அவர் நம் விசுவாசத்தைச் சேர்ந்தவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. எமிஸ் என்ற கல்வித் துறை இணையதளப் பதிவு, முதன்மைக் கல்வி அலுவலகம் கேட்கும் கோப்புகள், பள்ளி மேலாண்மைக் குழு, விடுப்பு மேல் விடுப்பு எடுக்கும் ஆசிரியர் ஆகிய நான்கையும் சமாளித்தவர். ஜெபக்குழுவும் கோச்சும் இதில் உதவ முடியாது. ஒரு நாள் பள்ளிக்கு வந்து வெறுமனே உட்கார்ந்து பாருங்கள் என்று அவரிடம் கேட்கலாம். பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு வருவார்கள்.

நான் தேர்வதானால்

நம் ஆசிரியை என்னிடம் கேட்டால் வரிசை இதுதான். தாளாளரிடம் இரண்டு வாரம் அவகாசம் கேட்க வேண்டும். கொடுக்க மறுத்தால் அதுவே ஒரு தகவல். முதல் வாரம் குருவானவரிடம் பள்ளியின் நிலவரத்தை விசாரித்து, நான்கு பத்திக் கணக்கை எழுதலாம். இரண்டாம் வாரக் கடைசியில் தியான இல்லத்தில் இரண்டு நாள் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் தெளிவுக் குழு. இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் நான் தெளிவுக் குழுவின் பக்கம் சாய்வேன். வழிகாட்டி சரியாக அமையாத தியானம் வெறும் ஓய்வாக முடியும். சரியான ஐந்து பேரின் கேள்விகளிலிருந்து தப்பிக்க வழியில்லை. ஆனால் ஏற்கெனவே நல்ல ஆன்ம வழிகாட்டி ஒருவரை அறிந்தவர் என்றால் யோசிக்காமல் அங்கே போகட்டும்.

ஒரு விலக்கு. தூக்கம் கெட்டு, சாப்பாடு பிடிக்காமல், வாரக்கணக்கில் காலையில் எழவே மனம் வராமல் இருந்தால், மேலே சொன்ன எல்லாம் பிறகு. முதலில் மனநல மருத்துவர். இதைக் கண்டுகொள்ளாமல் இலக்கு பேசும் கோச்சும், உபவாசம் இருங்கள் என்று மட்டும் சொல்லும் ஊழியரும் ஒரே தவற்றைத்தான் செய்கிறார்கள்.

பதவியை ஏற்றுக்கொண்டால், ஜூன் முதல் வாரத்திலேயே அந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியரைத் தேடிப் போக வேண்டும். கோபத்துக்குக் கோடும் புள்ளியும் அன்றைக்கே தொடங்கலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை. கட்டணக் கோச் ஆகஸ்டுக்கு முன் தேவைப்படமாட்டார்; எதில் திணறுகிறோம் என்று தெரிவதற்கே இரண்டு மாதம் ஆகும். அப்போதும் இரண்டே இலக்குகளோடு, அரையாண்டுத் தேர்வோடு முடியும் ஒப்பந்தமாக, தன் சொந்தப் பணத்தில் வைத்துக்கொள்ளட்டும். டிசம்பரில் அந்தக் கோச், இன்னும் ஆறு மாதம் தொடர்ந்தால்தான் முழுப் பலன் கிடைக்கும் என்று சொன்னால், நன்றி சொல்லி நிறுத்திவிடலாம்.